கொள்ளைக்காரனுக்குப் பெயர் வைப்பது யார்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஏழாம் வகுப்பு படிக்கிற பேத்தி, நோட்டும் பேனாவுமாக வந்து என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, கடற்கொள்ளைக்காரனுக்கு ஒரு பேரு சொல்லுங்க."

"நல்ல பேரா, கெட்ட பேரா?"

"பொருத்தமான பேரு."

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாடகமாம். இவளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கதை எழுதுகிறார்கள். கப்பல் உண்டு, புதையல் உண்டு, கிளி உண்டு. கொள்ளைக்காரனுக்கு மட்டும் பெயர் இல்லை. பிறந்த மாதத்துக்கு ஒரு சொல், சட்டை நிறத்துக்கு ஒரு சொல் என்று ஒட்டிப் பெயர் செய்கிற பட்டியல் ஒன்றைத் தோழி கொண்டுவந்தாளாம். அதன்படி என் பேத்தியின் பெயர் 'கேப்டன் நீல மண்டையோடு'. "நல்லாவே இல்லை தாத்தா" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. "யோசித்துச் சொல்கிறேன், இரண்டு நாள் பொறு" என்றேன்.

அந்த இரண்டு நாளில் பெயரை டீச்சரே வைத்துவிட்டார். 'கேப்டன் குஞ்ஞாலி'. வேஷம் கட்டப் போகிறவன் என் நண்பருடைய பேரன்.

நண்பர் காயல்பட்டினத்துக்காரர். நான் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக முப்பத்து நாலு வருஷம் ஓட்டினேன். அதில் பாதிக்கு மேல் அவர் பக்கத்து மேஜை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் அவரை 'காக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். மரைக்காயர் குடும்பம். பேரன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று போனில் சொன்னார். ஒட்டுத்தாடி, கைலி, கையில் வாள். ஒத்திகையில் மற்றப் பிள்ளைகள் அவனை அந்தப் பெயராலேயே கூப்பிட ஆரம்பித்து, அது மைதானம் வரைக்கும் வந்துவிட்டதாம்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் நல்ல பெண். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சார், கடல்னாலே அவர் பேருதானே ஞாபகம் வருது, சினிமாகூட வந்துச்சே. அந்தப் பையன் வீடும் மரைக்காயர் வீடுதானே. பொருத்தமா இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

என்னுடைய சண்டை அந்த டீச்சரோடு இல்லை. அந்தப் 'பொருத்தம்' என்ற சொல்லோடு.

முதலில் கொள்ளைக்காரர்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதில் அவர்கள் தாங்களே வைத்துக்கொண்டது குறைவு. எட்வர்ட் டீச் என்ற ஆங்கிலேயனைக் கடலே 'கருந்தாடி' என்றது. அவனுடைய உண்மைக் குடும்பப் பெயர் டீச்சா, தாட்ச்சா என்பதற்கே பதிவுகள் ஒன்றுபோல இல்லை. 1718 நவம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் சண்டையில் மாண்டான். தாடியையும் பெயரையும் வைத்தே பாதிக் கப்பல்களைச் சண்டையில்லாமல் பணிய வைத்தவன். பீரங்கி செய்ய வேண்டிய வேலையைப் பெயர் செய்தது.

ஜான் ராக்கம் என்று இன்னொருவன். 1720-இல் ஜமைக்காவில் தூக்கில் போட்டார்கள். அவனுக்குப் பட்டப்பெயர் 'காலிகோ ஜாக்'. காலிகோ என்பது பருத்தித் துணி. அவன் உடுத்திய துணியால் வந்த பெயர். அந்தத் துணிக்குப் பெயர் வந்தது காலிகட்டிலிருந்து, அதாவது நம் கோழிக்கோட்டிலிருந்து. கரீபியன் கடலில் திரிந்தவன் பெயரில் மலபார்க் கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் என்றால் இப்படி இருக்க வேண்டும். சும்மா ஒரு சொல்லுக்குள் அவன் உடையும், அந்தக் காலத்து வியாபாரமும், கடல் வழியும் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சீனக் கடலில் நூற்றுக்கணக்கான கப்பல்களை ஆட்டிவைத்து, 1810-இல் அரசாங்கத்தோடு பேரம் பேசிச் சரணடைந்தாள் ஒரு பெண். அவளை உலகம் அறிந்த பெயர் செங் யீ சாவ். 'செங் யீயின் மனைவி' என்று பொருள். அவ்வளவு பெரிய கப்பல் படைக்குத் தலைவி. பெயரில் புருஷன்தான் நிற்கிறான்.

கதைக்காரர்களில் கெட்டிக்காரர்கள் இதையெல்லாம் கவனித்தவர்கள். ஸ்டீவன்சன் 'புதையல் தீவு' எழுதினார்; 1883-இல் புத்தகமாக வந்தது. அதில் வருகிற லாங் ஜான் சில்வருக்கு ஒரு கால் கிடையாது. இரண்டாந்தர எழுத்தாளராக இருந்திருந்தால் 'நொண்டி ஜான்' என்று வைத்திருப்பார். ஸ்டீவன்சன் வைத்தது 'நெட்டை', 'வெள்ளி'. அவருடைய நண்பரான கவிஞர் ஹென்லி ஒரு காலை இழந்தவர். அவரை மனதில் வைத்துத்தான் சில்வரைப் படைத்ததாக ஸ்டீவன்சனே சொல்லியிருக்கிறார். நண்பரின் ஊனத்தைப் பெயராக்கவில்லை. நண்பரின் கம்பீரத்தை எடுத்துக்கொண்டார். விளைவு, வில்லன் என்று தெரிந்தும் படிக்கிற பிள்ளைக்கு அவனைப் பிடித்துப் போகிறது. அதுதான் பயங்கரம், அதுதான் கதை.

நம் சாண்டில்யனும் லேசுப்பட்டவர் இல்லை. எதிரிகள் நடுங்குகிற போர்க்கப்பலுக்குக் 'கடல் புறா' என்று பெயர் வைத்தார். கழுகு, சுறா, புலி எதுவும் கிடைக்காமலா? புறா என்ற சாதுவான பெயர்தான் நம் மனதில் இத்தனை வருஷம் நிற்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடற்கொள்ளைக்காரன் என்ற பெயரை ஒரு மனிதனுக்கு வைத்தது யார்? பெரும்பாலும் அவனோடு சண்டை போட்டவன்தான்.

ஃபிரான்சிஸ் டிரேக்கை ஸ்பானியர்கள் கொள்ளைக்காரன் என்றார்கள். 1581-இல் இங்கிலாந்து ராணி அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார். ஐரோப்பாக்காரர்கள் 'பார்பரோசா', செந்தாடிக் கொள்ளையன், என்று பிள்ளைகளைப் பயமுறுத்திய ஹைருத்தீன், துருக்கி சுல்தானுடைய தலைமைக் கடற்படைத் தளபதி. கேப்டன் கிட் என்பவர் கொள்ளையரைப் பிடிப்பதற்கென்றே அரசரின் அனுமதிப் பத்திரத்தோடு புறப்பட்டவர். 1698-இல் நம் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பலைப் பிடித்தார். 1701-இல் லண்டனில் அவரையே கொள்ளையன் என்று தூக்கிலிட்டார்கள். ஒரே ஆள், ஒரே கடல். காகிதம் மட்டும் மாறியது.

நம் பழைய பாட்டிலும் இது உண்டு. நெடுஞ்சேரலாதன் கடலுக்குள் போய்ப் பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டினான் என்கிறது பதிற்றுப்பத்து. அந்தப் பகைவர் கடற்கொள்ளையர் என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதுகின்றன. இருக்கலாம். ஆனால் பாட்டைப் பாடியவர் சேரனிடம் பரிசு வாங்கிய புலவர். மரத்தைப் பறிகொடுத்தவன் பாடிய பாட்டு நம் கைக்கு வரவில்லை.

சாண்டில்யனின் 'ஜலதீபம்' படித்தவர்களுக்குக் கானோஜி ஆங்கரேயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மராட்டியரின் கடற்படைத் தலைவர். ஆங்கிலக் கம்பெனிக் கடிதங்களில் அவர் வெறும் கொள்ளைக்காரர். ஏன்? தம் கடலில் போகிற கப்பல் தம்மிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார். ஆங்கிலேயர் மறுத்தார்கள், அவர் கப்பல்களைப் பிடித்தார். 1721-இல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து வந்து கொலாபாக் கோட்டையைத் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. இன்று மும்பையில் இந்தியக் கடற்படைத் தளத்துக்கு ஐ.என்.எஸ். ஆங்கரே என்று பெயர்.

அதே மும்பையில் இன்னொரு கடற்படைத் தளம் உண்டு. அதன் பெயர் ஐ.என்.எஸ். குஞ்ஞாலி. ஆம், டீச்சர் ஒட்டுத்தாடி மாட்டிவிட்ட அதே குஞ்ஞாலி.

குஞ்ஞாலி என்பது ஒரு ஆளின் பெயரே இல்லை. கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னர் தம் கடற்படைத் தலைவருக்குக் கொடுத்த பட்டம். பதினாறாம் நூற்றாண்டில் நான்கு பேர் அந்தப் பட்டத்தோடு இருந்தார்கள். அப்போது போர்ச்சுகீசியர் ஒரு முறை வைத்திருந்தார்கள். 'கர்த்தாஸ்' என்ற சீட்டைக் காசு கொடுத்து வாங்காமல் எந்தக் கப்பலும் இந்தக் கடலில் போகக்கூடாது. நூற்றாண்டுகளாக யாருக்கும் சீட்டு வாங்காமல் போய்வந்த கடல் இது. சீட்டு இல்லாத கப்பலைப் பிடிப்பார்கள், சரக்கை எடுப்பார்கள். இதை எதிர்த்துச் சண்டை போட்டவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் கொள்ளைக்காரர்.

அந்தச் சண்டை நம் கரையிலும் நடந்தது. மண்டபம் பக்கத்தில் வேதாளை இருக்கிறதே, அங்கே 1538-இல் மரைக்காயர் படையும் போர்ச்சுகீசியரும் மோதினார்கள். மரைக்காயர் பக்கம் தோற்றது. ராமேசுவரம் போகிற வழியில் எத்தனை தடவை அந்த ஊரைத் தாண்டியிருப்போம்! ஒரு தடவையாவது யாராவது நமக்குச் சொன்னார்களா?

நாலாவது குஞ்ஞாலி முகமது அலி மரைக்காயர். அவர் கதையில் பூசி மெழுக நான் வரவில்லை. கடைசியில் அவருக்கும் கர்வம் ஏறியது. தம் மன்னரான சாமூதிரியோடேயே பகைத்துக்கொண்டார். சாமூதிரியும் போர்ச்சுகீசியரும் கைகோத்து அவர் கோட்டையை முற்றுகையிட்டார்கள். 1600-இல் உயிருக்கு உத்தரவாதம் பேசி மன்னரிடம் சரணடைந்தார். போர்ச்சுகீசியர் அவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். குற்றம் குறை உள்ள மனிதர்தான். ஆனால் கிளியைத் தோளில் வைத்துக்கொண்டு புதையல் பெட்டியைத் திறந்து கெக்கெக்கே என்று சிரிக்கிற ஆசாமி அவர் இல்லை.

"சரி சார், கதைதானே. சின்னப் பிள்ளைகள் நாடகத்துக்கு இவ்வளவு சரித்திரமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். என் மகனும் அப்படித்தான் கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்பதால்தான் கேட்கிறேன். பெரியவர்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டு மறந்துவிடுவார்கள். பன்னிரண்டு வயதில் மேடையில் கேட்ட பெயர் அறுபது வயதிலும் மறக்காது. அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிற முந்நூறு பிள்ளைகளுக்குக் குஞ்ஞாலி என்றால் திருடன். அந்தப் பெயரோடு சேர்ந்த தாடியும் கைலியும் திருடன் அடையாளம். அந்தத் தாடியும் கைலியும் யார் தாத்தாவிடம் இருக்கிறது என்பது அவர்களுக்கு அடுத்த நாளே தெரிந்துவிடும்.

"அப்படியானால் வில்லனுக்கு எந்தப் பெயரும் வைக்க முடியாதே, எல்லாப் பெயரும் யாரோ ஒருவருடையதுதானே?" இது இரண்டாவது கேள்வி. நியாயமானது. பெயர் வைக்கலாம், தாராளமாக வைக்கலாம். ஆனால் சோம்பேறித்தனமாக வைக்கக்கூடாது. நெற்றியைப் பார்த்து, தாடியைப் பார்த்து, தோல் நிறத்தைப் பார்த்து, ஊனத்தைப் பார்த்து வைக்கிற பெயருக்கு யோசனையே தேவையில்லை. ஏற்கெனவே நம் மனதில் யாரோ போட்டுவைத்த குப்பையிலிருந்து கைக்கு வந்ததை எடுக்கிறோம். அதைப் 'பொருத்தம்' என்கிறோம்.

உண்மையான பொருத்தம் எப்படி வரும் என்று கேட்டால், எங்கள் துறைமுகத்தைத்தான் சொல்வேன். அந்தக் காலத்தில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணிகளில் ஒரு தண்டலுக்குப் 'பஞ்சாங்கம்' என்று பெயர். வானத்தைப் பார்த்து, "இன்னும் நாலு நாழிகையில் வாடை திரும்பும்" என்பார், திரும்பும். தோணித் துறையில் 'பஞ்சாங்கம் வந்தாச்சா?' என்றுதான் கேட்பார்கள். அவர் பெற்றோர் வைத்த பெயரை நான் பார்த்தது ஆள் பட்டியலில் மட்டும்தான். அந்தப் பட்டப்பெயரில் அவர் சாதியும் இல்லை, மதமும் இல்லை, உடம்பும் இல்லை. அவர் செய்த காரியம் இருந்தது. கூட வேலை செய்தவர்கள் பார்த்து வைத்தது. அவரும் அந்தப் பெயரைக் கேட்டால் மீசைக்குள் சிரிப்பார்.

ஆகவே பேத்தியிடம் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒன்று, இந்தப் பெயரை அவனுக்கு வைத்தது யார்: கூட்டாளியா, எதிரியா, கொள்ளை போனவனா? இரண்டு, அவன் செய்த எந்தக் காரியத்தால் அது வந்தது? மூன்று, அந்தப் பெயரைக் கேட்டால் அவன் சிரிப்பானா, கோபப்படுவானா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பெயர் தானாக வந்துவிடும். பதில் இல்லையென்றால் உனக்கு உன் கொள்ளைக்காரனையே இன்னும் தெரியாது, முதலில் அவனைத் தெரிந்துகொள் என்றேன்.

அவளுக்குக் கர்த்தாஸ் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வந்தாள்.

"தாத்தா, எங்க கொள்ளைக்காரன் கொள்ளை அடிச்சதும் ஒரு சீட்டு கொடுப்பான். 'இந்தக் கப்பல் ஏற்கெனவே கொள்ளை அடிக்கப்பட்டது, மற்றவர்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்'னு. ரொம்ப நேர்மையானவன்னு அவனுக்கு நினைப்பு."

"பேரு?"

"சீட்டுத் தண்டல்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தோணித் தலைவனும் தண்டல்தான், வட்டிப் பணம் வசூலிக்கிறதும் தண்டல்தான். சீட்டும் தண்டலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? பணத்தைக் கட்டிவிட்டு வாசலில் நின்றவர்கள்தானே நாம். கப்பல்காரர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது. அவன் மட்டும் அதைக் கௌரவமாக நினைத்துக்கொண்டு, பாய்மரத்தில் எழுதி வைத்திருக்கிறானாம். மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

டீச்சர் ஒப்புக்கொண்டார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். வேஷத்துக்கு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று வகுப்பில் சொன்னார். பதினோரு பேர் கை தூக்கினார்கள். அதில் காக்காவின் பேரனும் உண்டு. பேத்தி சொன்னாள். வேஷம் வேறொரு பையனுக்குப் போனது, இவன் சுக்கானி. மேடையில் நன்றாகத்தான் செய்தான்.

விழா முடிந்து வெளியே வரும்போது காக்காவும் நானும் கொஞ்சம் பின்தங்கி நடந்தோம். "பேரை மாத்திட்டாங்க, நல்லது தம்பி" என்றார். கொஞ்ச தூரம் பேசவில்லை. பிறகு, "ஆனா முதல்ல அந்தப் பேரு எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்துச்சுன்னு யாரும் கேக்கலியே" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. முப்பத்து நாலு வருஷத்தில் எங்கள் ஆபீசிலும் அப்படிச் சில பெயர்கள் சீக்கிரமாக வந்ததுண்டு. அவர் காதில் விழும்படியே வந்ததுண்டு. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் நியாயம் கேட்டதைப் பெருமையாக எழுத உட்கார்ந்தவன், இதையும் எழுதாமல் விட்டால் அது சரியாகாது.

பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற தாத்தாமார், பாட்டிமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கதையில் வருகிற திருடனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் பூச்சாண்டிக்கும் பெயர் வைக்கும்போது ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். சட்டென்று வாயில் வருகிற பெயரை அப்படியே விழுங்கிவிடுங்கள். இரண்டாவதாக வருகிற பெயரைச் சொல்லுங்கள். கதை நிச்சயம் இன்னும் நன்றாக இருக்கும்.